மின் நிலையம், அணு உலை, துறைமுகம்: அயல்நாட்டு சைபர் தாக்குதலுக்கு நம் சட்டம் போதுமா?

#1 ரிலேக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். மின்பாதையைக் காக்கும் ரிலே, மின் நிலையத்தைக் கம்ப்யூட்டரிலிருந்து இயக்கும் ஸ்காடா, இவற்றின் பராமரிப்பிலேயே வயதானவன் நான். ரொம்ப நாளாக மனதில் உறுத்திக்கொண்டிருப்பதை எழுதுகிறேன்.

ஒரு தனியார் மின் உற்பத்தி நிலையம். ராத்திரி ஷிஃப்ட், மணி 2.40. கண்ட்ரோல் ரூமில் மூன்றாவது ஸ்கிரீனில் மவுஸ் அம்பு தானாக நகர்ந்தது. ஆபரேட்டர் மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். அம்பு ஒரு பிரேக்கர் (திறந்தால் மின்பாதை துண்டாகிற சுவிட்ச்) படத்தின் மேல் போய் நின்றது. பிறகு மெனுவுக்குப் போய் ஒரு கிராஃபைத் திறந்தது. நான் ஓடிப்போய் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினேன்.

காலையில் விசாரித்தபோது தெரிந்தது, ஸ்காடா சப்ளை செய்த கம்பெனியின் என்ஜினியர் தன் ஊரிலிருந்தே உள்ளே வந்திருக்கிறார். கெட்ட நோக்கம் ஒன்றும் இல்லை. கமிஷனிங் சமயத்தில் கொடுத்த பாஸ்வேர்டை யாரும் மாற்றாமல் விட்டிருந்தோம். "லாக் புக்ல எழுதட்டுமா சார்?" என்று ஆபரேட்டர் அந்த ராத்திரியே கேட்டார். "எழுதினா மெமோ வரும், விடுங்க" என்று சொன்னவன் நான்தான். அப்படிச் சொன்னது இன்னும் வலிக்கிறது.

ஏன் என்றால், 2015 டிசம்பர் 23 அன்று மேற்கு உக்ரைனில் இதே போலத்தான் அம்பு நகர்ந்தது. அங்கே அது நிற்கவில்லை, பிரேக்கர்களை ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே போனது. ஆபரேட்டர் மவுஸை அசைத்துப் பார்த்தும் பலனில்லை. மூன்று மின் விநியோக நிறுவனங்கள், சுமார் 30 துணை மின்நிலையங்கள், 2,25,000 வாடிக்கையாளர்கள் இருட்டில். புகார் சொல்லக்கூட முடியாதபடி கால் சென்டருக்குப் பொய் அழைப்புகளாகக் கொட்டினார்கள். பல மாதம் முன்பே மின்னஞ்சலில் வந்த ஒரு வேர்டு ஃபைல் வழியாக உள்ளே நுழைந்து, பொறுமையாக எல்லாவற்றையும் கற்றுக்கொண்டிருந்தார்கள். ரஷ்ய ராணுவ உளவுத்துறையைச் சேர்ந்த சாண்ட்வோர்ம் கும்பலின் வேலை என்று பின்னாளில் சொல்லப்பட்டது. ஊழியர்கள் வண்டி எடுத்துக்கொண்டு ஒவ்வொரு துணை மின்நிலையமாகப் போய்க் கையால் பிரேக்கரைப் போட்டதால்தான் சில மணி நேரத்தில் கரண்ட் திரும்பியது.

என் கேள்வி இதுதான். அந்த ராத்திரி நான் சொல்லாமல் விட்டதைச் சொல்லியே ஆக வேண்டும் என்று நம் சட்டம் கட்டாயப்படுத்துகிறதா? சொன்னவனைக் காப்பாற்றுகிறதா?

#2 வக்கீல் தேன்மொழி

நல்ல கேள்வி சார். முதலாவதற்குப் பதில் ஆம். இரண்டாவதற்கு இல்லை.

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000ல் வந்தது. நம் விஷயத்துக்கு வேண்டியது அதில் 70ஆவது பிரிவு. எந்தக் கணினி அமைப்பு முடங்கினால் நாட்டின் பாதுகாப்போ பொருளாதாரமோ பொதுச் சுகாதாரமோ ஆட்டம் காணுமோ, அதை அரசு அரசிதழில் அறிவித்து "பாதுகாக்கப்பட்ட அமைப்பு" ஆக்கலாம். ஆதார் தரவு மையம் 2015ல் அப்படி அறிவிக்கப்பட்டது. யு.பி.ஐ. நடத்தும் என்.பி.சி.ஐ.யும் சில பெரிய வங்கிகளும் 2022ல் சேர்ந்தன. அனுமதியில்லாமல் அதில் நுழைந்தால் 10 ஆண்டு வரை சிறை. 66எஃப் பிரிவின்படி சைபர் பயங்கரவாதம் என்றால் ஆயுள் வரை போகலாம். 75ஆவது பிரிவு, வெளிநாட்டிலிருந்து செய்தாலும் இந்தச் சட்டம் பொருந்தும் என்கிறது.

2008 திருத்தத்தில் 70ஏ வந்தது. அதன்கீழ் 2014 ஜனவரியில், இப்படிப்பட்ட முக்கியக் கட்டமைப்புகளைக் காக்க என்.சி.ஐ.ஐ.பி.சி. என்ற மையம் அமைந்தது. அது என்.டி.ஆர்.ஓ. என்கிற உளவு அமைப்பின் கீழ் இருக்கிறது, இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன். 70பி பிரிவின் கீழ் இருப்பது செர்ட்-இன், சைபர் சம்பவப் புகார்களை வாங்கிக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பு. 2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் போட்ட உத்தரவுப்படி, சம்பவம் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். லாக்குகளை, அதாவது கணினியின் நடவடிக்கைப் பதிவுகளை, 180 நாள் வைத்திருக்க வேண்டும். மீறினால் ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம். அபராத உச்சவரம்பு முன்பு ஒரு லட்சம், 2023ல் ஜன் விஸ்வாஸ் சட்டம் அதை ஒரு கோடியாக்கியது.

பார்த்தீர்களா, எல்லாமே தண்டனை. அந்த ஆபரேட்டர் லாக் புக்கில் எழுதியிருந்தால் அவர் வேலைக்குப் பாதுகாப்பு என்று ஒரு வரி இதில் எங்குமே கிடையாது.

#3 சிக்னல்ஸ் சுபேதார்

ராணுவத்தில் சிக்னல்ஸ் பிரிவில் 24 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். தேன்மொழி அம்மா தெளிவாகச் சொன்னீர்கள், நன்றி. ஆனால் தண்டனையைக் குறைத்து மதிக்கக் கூடாது. எதிரிக்குப் பயம் இருக்க வேண்டும். அதோடு இந்த விஷயமெல்லாம் வெளியே பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. எங்கே அடித்தான், எந்த வழியாக வந்தான், நமக்கு எப்போது தெரிந்தது என்று சொன்னால் அடுத்த தடவை அவன் வேறு வழியைத் தேடுவான். போர்க்களத்தில் நம் சேதத்தை எதிரிக்கு எண்ணிக் காட்டுவதில்லை.

#4 ராதாபுரத்தான்

சுபேதார் ஐயாவுக்கு வணக்கம். நான் ராதாபுரம் தாலுகா. எங்க வீட்டு மாடியில நின்னா கூடங்குளம் உலை தெரியும். அதனால நீங்க சொல்லுதது எனக்கு வேற மாதிரி படுது.

2019 அக்டோபர் 28. கூடங்குளம் கம்ப்யூட்டர்ல வைரஸ் புகுந்துட்டுன்னு ட்விட்டர்ல வந்துச்சி. அதுக்கு முன்னாடி 19ஆம் தேதிதான் ரெண்டாவது யூனிட் நின்னுருந்துச்சி. ரெண்டையும் முடிச்சுப் போட்டு வாட்ஸப்ல என்னென்னவோ சுத்த ஆரம்பிச்சிட்டு. எங்க அம்மாவுக்கு அப்ப 68 வயசு. பையில துணிய எடுத்து வச்சிட்டாவ, நாகர்கோவில்ல அக்கா வீட்டுக்குப் போயிருவோம்னு.

29ஆம் தேதி நிலையத்துல இருந்து அறிக்கை. எங்க கட்டுப்பாட்டு அமைப்பு தனியா இருக்கு, இன்டர்நெட்டோட தொடர்பு கிடையாது, அதுல சைபர் தாக்குதல் நடக்கவே முடியாதுன்னு. அப்பாடான்னு அம்மா பைய பிரிச்சு வச்சாவ. மறுநாள் 30ஆம் தேதி இந்திய அணுமின் கழகம் வேற அறிக்கை விடுது. வைரஸ் இருந்தது உண்மைதான், நிர்வாக வேலைக்கு உள்ள நெட்வொர்க்ல ஒரு ஆளோட கம்ப்யூட்டர்ல இருந்துச்சி, உலைக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை, செப்டம்பர் 4ஆம் தேதியே செர்ட்-இன் எங்களுக்குச் சொல்லிட்டுன்னு.

உலைக்குள்ள போகலங்கதை நான் நம்புதேன். ஆனா செப்டம்பர் 4ல தெரிஞ்ச விஷயம் ஏறக்குறைய எட்டு வாரம் கழிச்சு, அதுவும் யாரோ ட்விட்டர்ல போட்ட பெறவுதானே எங்களுக்கு வந்துச்சி? 29ஆம் தேதி அறிக்கை எழுதுனவருக்கு நடந்தது தெரியாமலே இருந்துருக்கலாம். ஆனா எங்க அம்மா அதுக்கப்புறம் எந்த அறிக்கையையும் நம்புததில்ல. எதிரிக்குத் தெரியக் கூடாதுன்னு சொல்லுதீங்க. வைரஸ அனுப்புனவனுக்குத் தெரியாதா ஐயா, தான் அனுப்புனது? தெரியாம இருந்தது நாங்க மட்டுந்தான்.

#5 ரிலேக்காரன்

தம்பி, கடைசி இரண்டு வரியை மூன்று தடவை படித்தேன்.

கூடங்குளத்தில் கிடைத்தது டிடிராக் என்ற உளவு நிரல். வட கொரியாவோடு தொடர்புடைய லாசரஸ் கும்பலின் கருவி என்று காஸ்பர்ஸ்கி என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் முன்பே அடையாளம் காட்டியிருந்தது. விசைப்பலகையில் அடிப்பதைப் பதிவு செய்வது, ஃபைல் பட்டியல் எடுப்பது, பிரவுசர் வரலாற்றைத் திருடுவது போன்ற வேலைகளைச் செய்யும். வந்து உடைத்துவிட்டுப் போகிற ஜாதி இல்லை, உட்கார்ந்து கவனிக்கிற ஜாதி. நிர்வாக நெட்வொர்க்தானே என்று அலட்சியமாகச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. யாருக்கு எந்த ஷிஃப்ட், எந்த ஒப்பந்தக்காரர் எப்போது வருகிறார், எந்த மாடல் உபகரணம் வாங்கினோம் எல்லாம் அங்கேதான் இருக்கும். உக்ரைனிலும் முதலில் நுழைந்தது அலுவலக நெட்வொர்க்கில்தான்.

இன்னொன்று. "தனியாக இருக்கிறது, தொடர்பு இல்லை" என்பதை என் அனுபவத்தில் அரைகுறையாகத்தான் நம்புவேன். கேபிள் இல்லாமல் இருக்கலாம். ஆனால் பேட்ச் போட பென் டிரைவ் வரும், ரிப்போர்ட் எடுக்க பென் டிரைவ் போகும், சர்வீஸ் என்ஜினியரின் லேப்டாப் நேராக மெஷினில் செருகப்படும். ஈரானின் நதான்ஸ் அணு மையமும் இணையத்தோடு இணைக்கப்படாததுதான். அங்கேயும் ஸ்டக்ஸ்நெட் என்ற வைரஸ் உள்ளே போனது.

#6 சிங்கை முரளி

சிங்கப்பூரில் நெட்வொர்க் பாதுகாப்பில் வேலை பார்க்கிறேன். சுபேதார் ஐயாவின் கவலைக்கும் ராதாபுரம் நண்பரின் கேள்விக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது, இங்கே நடந்ததைச் சொல்கிறேன்.

2018ல் சிங்ஹெல்த் மருத்துவமனைக் குழுமத்தில் 15 லட்சம் நோயாளிகளின் விவரம் திருடு போனது. அப்போதைய பிரதமர் லீ சியன் லூங்கின் மருந்து விவரத்தைக் குறிவைத்துத் திரும்பத் திரும்பத் தேடியிருக்கிறார்கள். தரவுத்தளத்தில் ஏதோ சரியில்லை என்று ஒரு நிர்வாகி ஜூலை 4 அன்று கண்டுபிடித்து நிறுத்தினார். சைபர் பாதுகாப்பு முகமைக்குத் தகவல் போனது ஜூலை 10. மக்களுக்குச் சொன்னது ஜூலை 20. ஜூன் மாதமே சில ஊழியர்கள் சந்தேகப்பட்டிருக்கிறார்கள் என்பது பிறகு தெரிந்தது.

விசாரணைக் குழு அமைத்தார்கள். நிறைய அமர்வுகள் பொதுவில் நடந்தன, ஊழியர்கள் சாட்சி சொன்னதைச் செய்தித்தாளில் படித்தோம். சம்பவத்தை மேலே சொல்ல வேண்டிய பொறுப்பில் இருந்தவரே தயங்கியிருக்கிறார். சொன்னால் மேலிருந்து ஆளாளுக்கு விளக்கம் கேட்டுத் துரத்துவார்கள் என்ற பயம். ரிலேக்காரன் சார், உங்கள் "மெமோ வரும்" இங்கேயும் இருந்தது.

2019 ஜனவரியில் அறிக்கை வெளியானது. 400 பக்கத்துக்கு மேல், 16 பரிந்துரைகள். யார் வேண்டுமானாலும் படிக்கலாம். பாதுகாப்பு கருதி மறைக்க வேண்டியதை மறைத்தார்கள். அடித்தது எந்த நாடு என்று அரசு இன்று வரை பெயர் சொல்லவில்லை. சுபேதார் ஐயா கேட்கும் ரகசியம் காப்பாற்றப்பட்டது, நோயாளிகளுக்கு உண்மையும் தெரிந்தது.

இங்கே சைபர் பாதுகாப்புச் சட்டம் 2018 ஆகஸ்ட் கடைசியில் அமலுக்கு வந்தது. 11 துறைகள். முக்கியக் கட்டமைப்பில் சம்பவம் நடந்தால் 2 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். 2025 ஜூலை 18 அன்று அமைச்சர் கா. சண்முகம், யு.என்.சி.3886 என்ற கும்பல் சிங்கப்பூரின் முக்கியக் கட்டமைப்பைத் தாக்கிக்கொண்டிருக்கிறது என்று மேடையிலேயே சொன்னார். தாக்குதல் நடந்துகொண்டிருக்கும்போதே சொன்னார். அன்று என் வீட்டில் யாரும் பதறவில்லை.

#7 சிக்னல்ஸ் சுபேதார்

முரளி தம்பி, சிங்ஹெல்த் அறிக்கை பற்றி எனக்குத் தெரியாது. தேடிப் பார்க்கிறேன்.

ராதாபுரம் தம்பிக்கு: நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. எதிரிக்குத் தெரிந்ததை நம் ஆட்களிடம் மறைப்பதில் ராணுவ லாபம் எதுவும் இல்லை. அதை ஒத்துக்கொள்கிறேன். நான் காக்கச் சொல்வது நாம் அவனை எப்படிக் கண்டுபிடித்தோம் என்பதை. அது வெளியே போகக் கூடாது. அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

#8 லாக் பார்ப்பவள்

நான் ஒரு எஸ்.ஓ.சி.ல, அதாவது சைபர் தாக்குதல் வருதான்னு 24 மணி நேரமும் கண்காணிக்கற மையத்துல, நைட் ஷிஃப்ட் பாக்கறேன், ரெண்டு வருஷ அனுபவம்தான். 6 மணி நேர விதி பத்தி ஒண்ணு சொல்லணும்.

6 மணி நேரம் கேட்க நல்லா இருக்கு. ஆனா அந்த உத்தரவு டேட்டா சென்டர், கம்பெனி, அரசு அலுவலகம் எல்லாருக்கும் ஒரே மாதிரி. யாரோ ஒருத்தர் கடையோட வெப்சைட்ல முகப்பை மாத்திட்டாலும் 6 மணி, மின் கட்டமைப்புல ஆள் நுழைஞ்சாலும் 6 மணி. அந்த 6 மணி நேரத்துல எனக்கு என்ன தெரியும்? ஒரு ஐ.பி. முகவரி தெரியும், ஒரு சர்வர் பேர் தெரியும். பாதி நேரம் படிவம் நிரப்பறதுலயே போயிடும். முதல்ல அந்த மெஷினைத் தனிமைப்படுத்தணும், மெமரியை எடுத்து வைக்கணும், யாராவது பதறிப்போய் ரீஸ்டார்ட் பண்ணிடாம பாத்துக்கணும். ரீஸ்டார்ட் பண்ணினா தடயமே போயிடும்.

ஐரோப்பாவோட நிஸ்-2ங்கற சைபர் பாதுகாப்பு உத்தரவுல இதைப் படிப்படியா வச்சிருக்காங்க. 24 மணி நேரத்துல ஒரு முன்னெச்சரிக்கை, 72 மணி நேரத்துல முதல் மதிப்பீடு, ஒரு மாசத்துல முழு அறிக்கை. ஆஸ்திரேலியாவுல பெரிய பாதிப்புன்னா 12 மணி, மத்ததுக்கு 72. எனக்கு அது மனுஷங்க வேலை செய்யற விதத்தைத் தெரிஞ்சவங்க எழுதினதா தோணுது.

இன்னொரு விஷயம், சொன்னதுக்கப்புறம் என்ன ஆகும்? அனுப்பினா ஒரு டிக்கெட் நம்பர் வரும். நாங்க அனுப்பினது வேற யாருக்காவது உதவிச்சா, இதே ஆள் வேற இடத்துலயும் இருக்கானான்னு திரும்ப எதுவும் வர்றதில்ல. எங்க டீமோட அனுபவத்தை மட்டும்தான் சொல்றேன்.

#9 வக்கீல் தேன்மொழி

தங்கை சொன்னது மிக முக்கியம். கூடவே ஒரு செய்தி: 2023 நவம்பரில் செர்ட்-இன் அமைப்பைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். என்.டி.ஆர்.ஓ. ஏற்கெனவே அதில் இருக்கிறது. ஊழல், மனித உரிமை மீறல் புகார் தவிர மற்றதற்குப் பதில் சொல்லும் கடமை அவற்றுக்கு இல்லை. நாளைக்கே ராதாபுரம் நண்பர் பத்து ரூபாய் கட்டி மனுப் போட்டாலும் பெரும்பாலும் திரும்பிவிடும்.

66எஃப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். லாசரஸ் கும்பலைச் சேர்ந்தவர் என்று ஒரு வட கொரியர் மீது அமெரிக்கா 2018ல் குற்றச்சாட்டை வெளியிட்டது, ஆனால் அவர் கைதாகவில்லை. அரசே அனுப்பிய ஆளை அந்த அரசு ஒப்படைக்காது. ஆயுள் தண்டனை சட்டத்தில் இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நம் கைக்கு எட்டுவது கதவு வைத்திருப்பவர்தான், அதாவது அந்த அமைப்பை நடத்தும் நிறுவனம். சட்டத்தின் எடை அந்தப் பக்கம் இருக்க வேண்டும்.

#10 ரிலேக்காரன்

மும்பையை மறந்துவிடக் கூடாது. 2020 அக்டோபர் 12, மும்பையில் கரண்ட் போனது, லோக்கல் ரயில்கள் நின்றன. 2021 பிப்ரவரி 28 அன்று ரெக்கார்டெட் ஃபியூச்சர் என்ற அமெரிக்க நிறுவனம் அறிக்கை விட்டது: ரெட்எக்கோ என்று அவர்கள் பெயர் வைத்த, சீனாவோடு தொடர்புடைய கும்பல் நம் மின் துறையில் பல இடங்களைக் குறிவைத்திருக்கிறது, ஐந்து மண்டல மின்சுமை மையங்களில் நான்கு அந்தப் பட்டியலில். இரண்டு துறைமுகங்கள் வேறு, மும்பையும் நம் தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகமும். மும்பை மின்தடைக்கும் அதற்கும் தொடர்பு இருக்கிறது என்று அந்த நிறுவனம் உறுதியாகச் சொல்லவில்லை. ஆனால் மகாராஷ்டிர உள்துறை அமைச்சர் சைபர் சதியாக இருக்கலாம் என்றார். மத்திய மின் அமைச்சர் மனிதத் தவறு என்றார். ஒரே மின்தடைக்கு இரண்டு அரசுகள், இரண்டு காரணம். எது உண்மை என்று பொதுவில் தீர்த்துச் சொல்ல ஓர் ஆள் இல்லை.

ரயில் தடம் புரண்டால் யார் விசாரிக்கிறார்? ரயில்வே பாதுகாப்பு ஆணையர். அவர் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் இல்லை, விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருக்கிறார். ரயிலை ஓட்டுகிறவரே ரயில் விபத்தை விசாரிக்கக் கூடாது என்று எப்போதோ யாரோ யோசித்து வைத்த ஏற்பாடு. ஸ்டேஷன் மாஸ்டர், கேட் கீப்பர், லோகோ பைலட் எல்லோரும் போய் நடந்ததைச் சொல்வார்கள். மின் கட்டமைப்புக்கும் அப்படி ஒருவர் வேண்டும். இப்போது காப்பது, கண்காணிப்பது, மறைப்பது எல்லாம் ஒரே கூரைக்குள் இருக்கிறது.

மத்திய மின்சார ஆணையம் 2021 அக்டோபரில் மின் துறைக்கு சைபர் பாதுகாப்பு வழிகாட்டுதல் கொண்டுவந்தது. நல்ல விஷயங்கள் இருக்கின்றன, நம்பகமான இடத்தில்தான் உபகரணம் வாங்க வேண்டும், பாதுகாப்பு அதிகாரி கட்டாயம் என்றெல்லாம். ஆனால் 15 வருடத்துக்கு வாங்கிய கண்ட்ரோல் சிஸ்டத்தை நடுவில் மாற்றப் பணம் யார் தருவது? ஆதரவு நின்றுபோன விண்டோஸ் எக்ஸ்.பி.யில் ஓடிய ஸ்கிரீனை நானே துடைத்து வைத்திருந்தேன். ஷட்டவுன் கிடைக்காமல் மாற்ற முடியாது, ஷட்டவுன் கேட்டால் லோடு இருக்கிறது என்பார்கள். மின் கட்டணத்தில் இந்தச் செலவை ஏற்றுக்கொள்ள ஒழுங்குமுறை ஆணையம் அனுமதித்தால்தான் நடக்கும்.

#11 வக்கீல் தேன்மொழி

இவ்வளவு பேசியதில் சட்டமாக எழுதக்கூடியதை மட்டும் வரைவாக வைக்கிறேன். குறை சொல்லுங்கள்.

அ) பாதுகாக்கப்பட்ட அமைப்பில் வேலை செய்யும் ஊழியரோ ஒப்பந்தத் தொழிலாளரோ ஒரு சைபர் சம்பவத்தை, அது பிறகு ஒன்றுமில்லை என்று தெரிந்தாலும், பதிவு செய்ததற்காக அவர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கக் கூடாது. நிறுவனம் கொடுத்த அறிக்கையையே சாட்சியாக்கி அதன் மீது வழக்குப் போடக் கூடாது. அமெரிக்காவின் 2022ஆம் ஆண்டுச் சட்டத்தில் இப்படிப்பட்ட பாதுகாப்பு உண்டு. ஆனால் மறைத்தது நிரூபணமானால் பொறுப்பு நிர்வாக இயக்குநருக்கு, ஷிஃப்ட் ஆபரேட்டருக்கு இல்லை.

ஆ) முதல் தகவல் 6 மணி நேரத்தில் தொலைபேசியில் இரண்டு வரி போதும். விவரம் 72 மணி நேரத்தில். வாங்கிய அமைப்பு அதே துறையில் உள்ள மற்றவர்களுக்கு, அடிபட்டவர் பெயர் இல்லாமல், எச்சரிக்கை அனுப்பியாக வேண்டும்.

இ) ரயில்வே பாதுகாப்பு ஆணையர் போல, மின்சாரம், அணுசக்தி, உளவு அமைப்பு எதற்கும் கட்டுப்படாத விசாரணை ஆணையர். அறிக்கை இரண்டு பகுதி. ரகசியப் பகுதி நாடாளுமன்றக் குழுவுக்கு. மற்றது பாதிக்கப்பட்ட மக்களுக்கு, 90 நாளில்.

#12 லாக் பார்ப்பவள்

அக்கா, ஆ-ல இரண்டு வரி தொலைபேசின்னு போட்டீங்க பாருங்க, அது ஒண்ணு போதும் எனக்கு. நைட் ஷிஃப்ட்ல இருக்கற எல்லார் சார்பாவும் நன்றி.

#13 சிக்னல்ஸ் சுபேதார்

இ-யில் ரகசியப் பகுதி இருப்பதால் எனக்குச் சம்மதம். ஆணையர் பதவிக்குக் கண்ட்ரோல் ரூமில் ராத்திரி உட்கார்ந்து பழகிய ஒருவரை வையுங்கள்.

#14 ராதாபுரத்தான்

வக்கீல் அம்மா, எல்லாம் சரிதான். இ-யில ஒரு வார்த்த மட்டும் மாத்துங்க. "பாதிக்கப்பட்ட மக்களுக்கு"ன்னு போட்டுருக்கீங்க. அன்னைக்கு நாங்க பாதிக்கப்படலன்னுதானே அறிக்கைல சொன்னாவ. அந்தச் சொல் இருந்தா எங்களுக்கு ஒண்ணும் வராது. "சுத்துவட்டாரத்துல குடியிருக்க மக்களுக்கு"ன்னு போடுங்க. அப்புறம் 90 நாள் ரொம்ப நீளம். முழு அறிக்க அப்ப வரட்டும். ஆனா நடந்தது ஒண்ணு இருக்கு, உலைக்கு ஒண்ணும் ஆகல, நாங்க பாத்துக்கிட்டு இருக்கோம்னு ரெண்டு வரி ரெண்டு நாள்ல ஊராட்சி அலுவலகத்துல ஒட்டட்டும். இங்கிலீஷ்ல வேண்டாம். அம்மாவுக்கு இப்ப கண்ணு கொஞ்சம் மங்கல், பெரிய எழுத்துல தமிழ்ல இருந்தா அவியளே வாசிச்சிருவாவ.

#15 வக்கீல் தேன்மொழி

மாற்றிவிட்டேன். "சுற்றுவட்டாரத்தில் குடியிருக்கும் மக்களுக்கு, 48 மணி நேரத்தில் முதல் அறிவிப்பு, அந்தந்த மாநில மொழியில், ஊராட்சி அலுவலகப் பலகையில்." எழுத்தின் அளவையும் விதிகளில் சேர்த்துக்கொள்ளலாம்.